கட்டில் இல்லாத ஆஸ்பத்திரி

காமயகவுண்டன்பட்டியில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பெரிய டாக்டர் வந்து பார்ப்பதற்கு முன்னால் சந்தனம்மாள் வந்து பார்த்துவிடுவாள் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதி கேலி. மீதி முழுக்க உண்மை.

அவள் கணவர் சுந்தரலிங்கத்துக்குத் திராட்சைத் தோட்டம். வருஷம் முழுவதும் வேலை ஓயாத விவசாயம் அது. கொடியைக் கவாத்து வெட்டினால் மருந்தடிக்க வேண்டும், மருந்தடித்தால் மழை வராமல் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு நடுவிலும், கம்பத்தில் ஒருவருக்குக் கால் முறிந்தது, சின்னமனூரில் ஒருத்திக்குப் பித்தப்பையில் கல் என்று காதில் விழுந்துவிட்டால் போதும். கையில் இருக்கும் கத்தரியை அங்கேயே போட்டுவிட்டு வயர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

எந்த நோய்க்கு எதைக் கொண்டுபோவது என்பதில் அவளுக்குத் தெளிவான கொள்கை உண்டு. காய்ச்சலுக்கு ரொட்டி. எலும்பு முறிவுக்கு ஆட்டுக்கால் சூப். பிரசவத்துக்குச் சாத்துக்குடி ஆகாது, குளிர்ச்சி. நோய் இன்னதென்று தெரியாவிட்டால் ஹார்லிக்ஸ். ஆனால் பொருளெல்லாம் ஒரு சாக்கு. அவள் கொண்டுபோகும் உண்மையான பொருள் கண்ணீர்தான். வார்டு வாசலிலேயே அது தொடங்கிவிடும். கட்டிலருகே வந்ததும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே தொங்கும் குளுக்கோஸ் பாட்டிலை அண்ணாந்து பார்த்து, "எப்பிடி இருந்த ஆளு, இப்பிடிக் கெடக்கீகளே" என்று ஒரு குரல் எடுப்பாள். அதுவரை தனக்குப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நோயாளியும் சேர்ந்து அழத் தொடங்கிவிடுவார்.

அவளுடைய பங்காளி வீட்டு அண்ணன் சுருளியாண்டிக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. சாதாரண ஆபரேஷன். சந்தனம்மாள் அழுத அழுகையைப் பார்த்து, டாக்டர்கள் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். படுத்த படுக்கையிலேயே நிலத்தைப் பையன்களுக்குப் பிரித்து எழுதிக் கொடுத்தார். பிறகு ஜம்மென்று எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நிலம்தான் இன்னும் திரும்பி வரவில்லை. அப்படியும் அவருக்குச் சந்தனம்மாள் மேல் வருத்தம் கிடையாது. அவள் வந்து அழுதால்தான் அது நோய், இல்லாவிட்டால் வெறும் வலி என்று இன்றைக்கும் சொல்வார்.

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் அழுதவளுக்கு, சொந்தத் தம்பி மகளுக்காக அழ முடியாமல் போனது. அந்தக் கொடுமையைத்தான் சொல்ல வந்தேன்.

தம்பி சீனிச்சாமி கம்பத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிறார். மனைவி ராஜாத்தி. ஒரே மகள் அபிதா. மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அபிதா, தீபாவளிக்கு ஊருக்கு வந்தாள். அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. முதலில் தலைவலி என்றாள். பிறகு எதுவுமே சொல்லவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள் படுத்தவள்தான். குளிப்பது நின்றது, தலை வாருவது நின்றது, போனில் பேசுவது நின்றது. வாசலில் பஸ் ஹாரன் கேட்டால் நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருவாள். இடுப்பு வரை தொங்கிய கூந்தல் சிக்குப் பிடித்துச் சடையாகத் திரிவதை, ராஜாத்தி சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேனியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் நிதானமாகப் பேசினார். வார்டில் சேர்த்து வைத்துப் பார்க்கிற அளவுக்கு இல்லை, மாசத்துக்கு ஒருமுறை மாத்திரை வாங்கிக்கொண்டு போகிற அளவிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்றார். காலையில் வர வேண்டும், பகல் முழுவதும் சிகிச்சை, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இளவட்டங்களுக்கென்றே நடத்துகிறோம் என்றார்.

சீனிச்சாமிக்கு அது பிடிபடவில்லை. ராத்திரி படுக்க வேண்டாம் என்றால் அது எப்படி ஆஸ்பத்திரி என்று கேட்டார். பாதி ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பாதிதான் என்றால் பாதி குணம்தானே ஆகும் என்று சீனிச்சாமி அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் ராஜாத்தி அவர் காலை மிதித்தாள்.

அபிதா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தன்னைப் பார்க்க யாரும் வரக் கூடாது. யாரும் என்று அவள் சொன்னபோது அதில் அடங்கியது ஒரே பெயர்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அக்காவிடம் இதைப் பற்றி மூச்சுக்கூட விடமாட்டேன் என்று சீனிச்சாமி மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தேனிக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்று கதை கட்டப்பட்டது.

தினமும் ராஜாத்திதான் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் போய்க் கூட்டிவந்தாள். ஆரம்பத்தில் பஸ் கம்பத்தைத் தாண்டுவதற்குள் அபிதா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வீரபாண்டி வந்த பிறகுதான் நிமிர்வாள். கொஞ்ச நாளில் சின்னமனூரிலேயே நிமிர்ந்தாள். அப்புறம் உத்தமபாளையத்தில். அங்கே போய்ப் பகலெல்லாம் என்ன செய்கிறாள் என்று ராஜாத்தி கேட்டால் அரைகுறையாகச் சொல்வாள். வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களாம், படபடப்பு வந்தால் மூச்சை எப்படி விடுவதென்று சொல்லித் தருவார்களாம், சேர்ந்து சமைப்பார்களாம், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரப் பழக்குவார்களாம். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் அவளாகவே கண்டக்டரிடம் காசை நீட்டி இரண்டு கம்பம் என்றாள். ராஜாத்தி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்படித் துளித்துளியாகச் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், விதி அக்கம்மாளின் மூக்குக் கண்ணாடி வடிவில் வந்தது.

அக்கம்மாள் சந்தனம்மாளின் சின்னம்மா முறை. கண்ணாடி மாற்றத் தேனிக்குப் போனவள், புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்ததும் முதன்முதலில் பளிச்சென்று பார்த்த காட்சி, ராஜாத்தியும் அபிதாவும் ஒரு கேட்டுக்குள் நுழைவது. இரண்டாவதாகப் பளிச்சென்று படித்தது, கேட்டின் மேலிருந்த மனநலம் என்ற எழுத்து. அன்று சாயங்காலமே செய்தி காமயகவுண்டன்பட்டிக்கு வந்து சேர்ந்தது.

சந்தனம்மாள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்பதைவிட, தனக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவள் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்ந்தது. பிறந்த வீட்டு உறவே அறுந்துபோனதாக அவள் புலம்பினாள். சுந்தரலிங்கம் மருந்தடிக்கிற மிஷினை நிறுத்திவிட்டு, பிள்ளைதான் தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறதே, டவுன் பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே என்றார்.

"வீட்டுல வச்சுப் பாத்தா, ஆஸ்பத்திரியில பாத்ததா ஆகுமாங்க?" என்றாள் சந்தனம்மாள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது எட்டிப் பார்க்காதவர்கள் என்ற பேர் ஒருமுறை வந்துவிட்டால், அது கல்யாணத்திலும் பேசப்படும், கருமாதியிலும் பேசப்படும். சுந்தரலிங்கம் மறுபடி மிஷினைப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில், வழக்கமாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் ஒன்று தேனிப் பக்கம் திரும்பியது. மலைக்குப் போகிறபோது எத்தனை பேர் அடைந்து உட்காருவார்களோ, அத்தனை பேர் அதில் இருந்தார்கள். முன்சீட்டில் சுருளியாண்டி. பின்னால் புதுக் கண்ணாடியோடு அக்கம்மாள், மற்ற உறவுக்காரர்கள். நடுவில், மடியில் வயர் கூடையோடு சந்தனம்மாள். மனசுக்கு வந்த நோய்க்கு எதைக் கொண்டுபோவதென்று அவள் கொள்கையில் இல்லாததால், எல்லாவற்றையும் எடுத்து வந்திருந்தாள்.

தேனியில் ஜீப் நின்ற இடம் ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. மாமரம் நிற்கிற ஒரு வீடு. கேட்டில் சாராள் என்ற நர்ஸ் வழிமறித்து, இங்கே பார்வையாளர்களை விடுவதில்லை என்று பணிவாகச் சொன்னாள். அதெல்லாம் சந்தனம்மாள் பார்க்காத ஆஸ்பத்திரியா?

"பெட் நம்பர் மட்டும் சொல்லுத்தா, போதும். நாங்களே தேடிக்கிருவோம்."

"இங்கன பெட்டே கிடையாதும்மா."

சந்தனம்மாளின் கையிலிருந்து கூடை நழுவியது. "பெட்டு இல்லையா? அப்ப என் தம்பி பிள்ளையத் தரையிலயா போட்டிருக்கீக?"

அந்த ஓலம் மாமரத்துக் காக்கைகளைக் கிளப்பியது. உள்ளே அடுப்படியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அபிதாவின் காதிலும் விழுந்தது. அந்தக் குரலை இந்த உலகத்தில் இன்னொருத்தருக்கு ஆண்டவன் கொடுக்கவில்லை. அபிதா கத்தியைக் கீழே வைத்தாள். சாமான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

சாராள் தடுப்பதற்குள் கூட்டம் கூடத்துக்கு வந்துவிட்டது. சந்தனம்மாள் கட்டிலைத் தேடினாள். இல்லை. குளுக்கோஸ் பாட்டிலைத் தேடினாள். இல்லை. பாயில் சில பிள்ளைகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்தாள். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்றே தெரியவில்லை. அவளுடைய நீண்ட அனுபவத்தில் இப்படி ஒரு இக்கட்டு வந்ததே கிடையாது. எங்கே நின்று அழுவது?

அப்போது உள்ளேயிருந்து ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். எளிய சுடிதார், ஒழுங்காக வாராத முடி, கண்ணுக்குக் கீழே கருவளையம். யார் என்ன என்று விசாரிக்க அவள் வாயெடுப்பதற்குள் சந்தனம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த ஊர், என்ன குறை, எந்தப் பாவி மனசை உடைத்தான் என்று கேட்டுக் கேட்டு அழுதாள். ஒரு சாத்துக்குடியை எடுத்து அவள் உள்ளங்கையில் அழுத்தினாள். அந்தப் பெண், பிறர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கப் பயிற்சி பெற்றவள் போலிருக்கிறது. முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவாக, என் பேர் ஜோதிகா, நான் இங்கே மனநல ஆலோசகர் என்றாள்.

சந்தனம்மாள் அக்கம்மாள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "பாவம் சின்னம்மா. அப்பிடி நெனச்சுக்கிட்டு இருக்கு."

சாராள் ஓடிவந்து, மேடம், அபிதா சாமான் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டாள் என்று சொன்ன பிறகுதான் சந்தனம்மாள் அந்தக் கையை விட்டாள். சாத்துக்குடியைத் திருப்பி வாங்கலாமா கூடாதா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் சுருளியாண்டி சாமான் அறைக் கதவுக்கே போய்விட்டார். பெரியப்பா வந்திருக்கிறேன், திற என்று தட்டினார். வருசநாட்டுப் பக்கம் ஒரு கோடாங்கி இருக்கிறார், ஒரே ராத்திரியில் பேயை இறக்கிவிடுவார் என்று கதவிடம் சொன்னார். மயிலாடும்பாறையில் இதே மாதிரி இருந்த ஒரு பெண்ணின் கதையை அக்கம்மாள் ஆரம்பித்தாள். அது நல்லபடி முடிகிற கதை இல்லை. சந்தனம்மாள் கதவில் நெற்றியை வைத்து, ஆத்தா, உன் முகத்தை ஒருதரம் காட்டிவிடு என்று கெஞ்சினாள்.

உள்ளேயிருந்து அபிதாவின் குரல் கேட்டது. பல மாதங்களாக அந்தக் குரல் முணுமுணுப்பைத் தாண்டியதில்லை. இப்போது வீடே அதிர்ந்தது.

"நான் இன்னும் சாகலை அத்தே. போங்க."

ஜோதிகா அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட அவர்களை அங்கே நிற்கவிடவில்லை. நீங்கள் எல்லோரும் ஜீப்பில் ஏறிப் போனால்தான் அவள் கதவைத் திறப்பாள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். திரும்பும் வழியில் வீரபாண்டியில் இறங்கி எல்லோரும் பரோட்டா சாப்பிட்டார்கள். சந்தனம்மாள் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் சுருளியாண்டி மூன்றாவது பரோட்டாவைப் பாதியில் நிறுத்தினார். அந்த அளவுக்கு நிலைமை மோசம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அபிதா, நாளைக்கு நான் போகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜோதிகா போன் செய்து, கட்டாயப்படுத்த வேண்டாம், ஆனால் இடைவெளி நீண்டால் ஏறிய படியெல்லாம் இறங்கியதாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இதைவிடக் கஷ்டம் என்று ராஜாத்தியிடம் சொன்னாள். உத்தமபாளையம் வரைக்கும் வந்திருந்த பிள்ளை மறுபடி அறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. ராஜாத்தி நாத்தனாருக்குப் போன் போட்டாள். திட்டவில்லை, கத்தவில்லை.

"மதினி, பாத்துட்டீகள்ல. இப்பத் திருப்தியா?"

போன் வைக்கப்பட்ட பிறகும் சந்தனம்மாள் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு ஒரே மாதிரிதான். விடிந்ததும் வயர் கூடையை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் புறப்பட்டாள். அவள் போனது ஊருக்குத் தெரிந்தது. பிள்ளை வீட்டோடு கிடையாகக் கிடக்கிறாள் என்பதும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில்தான் முறையாகப் பார்க்க முடியவில்லை, வீட்டில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும்போது போகாமல் இருப்பது எப்படி என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு எழுந்தது.

அன்று காலையிலேயே உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அபிதா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் அபிதாவின் நோயைப் பற்றிப் பேசினார்கள், பிறகு அவரவர் நோய்களைப் பற்றி, அப்புறம் திராட்சை விலையைப் பற்றி. சுருளியாண்டி குடலிறக்கத்தை முழு விவரத்தோடு சொன்னார். மயிலாடும்பாறைப் பெண்ணின் கதையை அக்கம்மாள் இந்த முறை தடையின்றிச் சொல்லி முடித்தாள். அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசை கட்டின. தேங்காயை விட்டுவிட்டு இதையே விற்கலாமா என்று சீனிச்சாமி வெறுத்துப்போய்க் கேட்டார். வருகிறவர்களைப் போகச் சொல்ல அவராலும் முடியவில்லை, ராஜாத்தியாலும் முடியவில்லை. நோய் பார்க்க வந்தவர்களை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால், நாளைக்கு நல்லது கெட்டதுக்கு வாசலில் யார் வந்து நிற்பார்கள்?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அறை காலியானது. சந்தனம்மாள் மட்டும் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் போயிட்டாகளா அத்தே?"

"சாப்பிடப் போயிருக்காகத்தா. சாயங்காலம் நம்மூர்ல இருந்து இன்னொரு ஜீப்பு வருது."

போர்வை சட்டென்று விலகியது. அபிதா எழுந்து உட்கார்ந்தாள். "எதுக்கு?"

"உன்னயப் பாக்கத்தான்."

அபிதாவின் முகம் கலங்கியது. அலமாரியில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை எண்ணுவது போலப் பார்த்தாள். பிறகு, தேனியில் இருந்தால் இவர்கள் வருவார்களா என்று கேட்டாள்.

"எங்கிட்டு வர? அந்தச் சாராள் இப்பக் கேட்டைப் பூட்டுப் போட்டுப் பூட்டிருக்காளாம்ல. ஜீப்பு டிரைவர் போயிப் பாத்துட்டு வந்து சொன்னான்."

அபிதா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். எல்லோருக்கும் ஏன் இப்படி ஓடி ஓடிப் போய் அழுகிறீர்கள் என்று அத்தையைக் கேட்டாள். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் சந்தனம்மாளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். கல்யாணமான புதிதில், அபிதாவின் வயசில், ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. அந்தச் சமயம் இரண்டு வீட்டுக்கும் சீர்வரிசையில் சண்டை. பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. புகுந்த வீட்டில் வந்தவர்களும் வாசலோடு போய்விட்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு உறவு ஜனம் வந்துகொண்டே இருந்தது. அவள் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஒரு முகம் தெரியாத அம்மாதான், போகும்போது இவள் தலையைத் தடவி, அழுதுவிட்டுப் போனாள்.

"எனக்குன்னு அழுத ஒரே ஆளு அவதான். பேருகூடத் தெரியாது" என்றாள் சந்தனம்மாள். "அன்னைக்கு யாராச்சும் வர மாட்டாகளான்னு கெடந்தேன்த்தா."

அபிதா அத்தையின் கைமேல் தன் கையை வைத்தாள்.

"உங்களுக்கு யாராச்சும் வரணும்னு இருந்துச்சு அத்தே. எனக்கு யாரும் வரக் கூடாதுன்னு இருக்கு. அங்கன யாரும் அழ மாட்டாக. காலையில எப்பிடித் தூங்கினேன்னு கேப்பாக. தூங்கலைன்னா, சரிம்பாக. அது எனக்குப் புடிச்சிருக்கு."

"சரின்னா சொல்லுவாக?" சந்தனம்மாள் திகைத்தாள். "அதச் சொல்லவா ஒரு ஆஸ்பத்திரி?"

அபிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிறிய சிரிப்புத்தான். அடுப்படியிலிருந்து ராஜாத்தி கரண்டியோடு ஓடிவந்து கதவருகே சிலையாக நின்றாள். அபிதா இருவரையும் பார்த்து, நாளைக்குத் தேனிக்குப் போகிறேன் என்றாள். ஆனால் அத்தை பார்க்கக் கூடாது. பஸ் ஏறுவதைக்கூடப் பார்க்கக் கூடாது. வேறு யாரையும் பார்க்க விடவும் கூடாது.

சந்தனம்மாள் வீரபாண்டி மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேண்டுதல் எதையும் ஏற்றதில்லை. தீச்சட்டி எடுத்தபோதுகூடக் கண் திறந்துதான் இருந்தது.

முதல் சோதனை அன்று சாயங்காலமே வந்தது. ஜீப் வந்து நின்றபோது சந்தனம்மாள் வாசற்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வண்டியைத் திருப்புங்கள் என்றாள். இறங்கியவர்கள் இறங்கியபடியே நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதில் அவர்களுக்கெல்லாம் வழிகாட்டியே அவள்தான். காலையில் பார்த்தது போதாதென்று மறுபடி வந்திருந்த சுருளியாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்ப நோவு இல்லைங்கிறியா?"

"இருக்குண்ணே. நாம பாத்தாப் போயிருமா?"

இந்தக் கேள்வியை முன்பே யாராவது கேட்டிருந்தால் சுருளியாண்டியின் நிலமாவது மிஞ்சியிருக்கும். அவர் முனகிக்கொண்டே வண்டியில் ஏறினார். கொண்டுவந்த ரொட்டியை ஜீப்பிலேயே பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் முதல் டவுன் பஸ்ஸில் சந்தனம்மாள் கம்பம் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாள். பார்ப்பதற்கு இல்லை, காவலுக்கு. தெரிந்த முகம் எதுவும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு. டீக்கடை ஒன்றின் ஓரத்தில், தேனி பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். ஆண்டவன் எத்தனையோ தாய்மார்களின் கண்ணைக் கட்டியிருக்கிறான். தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டு நின்ற ஒருத்தியைப் பார்த்து அன்றைக்கு அவனே கலங்கியிருப்பான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் அவள் மெல்லிய குரலில் விசாரித்தாள். ஒரு அம்மாவும், கூட இடுப்பு வரைக்கும் கூந்தல் தொங்குற ஒரு பிள்ளையும் வந்தாகளா? வந்தாக என்றார் அவர். ஏறினாகளா? அம்மா ஏறிட்டாக. பிள்ளை படிக்கட்டுல நிக்குது. இன்னும் நிக்குது. கண்டக்டர் விசில் ஊதுறார்.

சந்தனம்மாள் சுவரில் இருந்த சுண்ணாம்பை நகத்தால் கிள்ளினாள். திரும்பிப் பார்த்துவிடத் துடித்த கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிருச்சும்மா" என்றார் டீக்கடைக்காரர். "சன்னலோரம் உக்காந்திருக்கு."

"இங்கிட்டுப் பாக்குதா?"

"பாத்துச்சு. பாக்காத மாதிரி திரும்பிக்கிருச்சு."

பஸ்ஸின் சத்தம் பெரிதாகி, சிறிதாகி, வடக்கே போய் ஓய்ந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் சந்தனம்மாளுக்கு உடைத்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து அவள் அழுத அழுகையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். யாருக்கு என்ன ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி என்று இன்னொருவர் பதறிக் கேட்டார்.

சந்தனம்மாள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. நீங்க டீயக் குடிங்க."